வெந்நீர்க் கணக்கு

2012-ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் ஒரு விடியற்காலை, எங்கள் இல்லத்துச் செப்பு அண்டாவின் அடியில் ஓட்டை விழுந்தது. கொல்லைப்புறத்து அடுப்பில் தென்னை மட்டையை வைத்துப் பற்றவைத்துவிட்டுக் காபிக்குப் பால் காய்ச்ச உள்ளே சென்றிருந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது அடுப்பின் வாயிலிருந்து புகைக்கு மாறாக நீராவி எழுந்துகொண்டிருந்தது. நெருப்புச் சீறி அணைந்துவிட்டது. சாம்பல் சேறாகிக் கொல்லை முழுதும் ஓடியிருந்தது. முந்திய நாள் மாலை குழாயில் நீர் வரவில்லை. அண்டாவில் கால்பகுதி நீரே கிடந்தது. அதைப் பாராமல் நெருப்பிட்டது எங்கள் பிழை. என்றோ ஒட்டுப் போட்ட இடம் சூடு தாங்காமல் கழன்றுவிட்டது. 1957-ஆம் ஆண்டு முதல் ஐம்பத்தைந்து ஆண்டுகள் நெருப்பின்மேல் அமர்ந்திருந்த கலம் அது.

வெந்நீர் அண்டாவுக்காக ஒரு கட்டுரையா என்று இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் எண்ணக்கூடும். பிழைப்பு நாடித் தமிழகத்திலிருந்து மைசூருக்கு வந்த குடும்பங்களில், வந்த முதல் ஆண்டிலேயே வாங்கப்பட்ட பொருள் எது என்று முதியோரைக் கேட்டுப் பார்த்தால் எங்கள் நிலை விளங்கும். சமவெளியில் வாழ்ந்தவரை வெந்நீர் என்பது பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல் கண்டவருக்கும் உரியது. மைசூரோ கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். இங்கே மார்கழி விடியலில் கிணற்று நீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட எவரும் மறுநாள் அதைச் செய்யத் துணியார்.

எங்கள் தந்தையார் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை இரயில்வேப் பணிமனையில், கொதிகலன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். 1951-இல் சென்னை–தென் மராட்டிய இரயில்வே, தென்னிந்திய இரயில்வே, மைசூர் அரசு இரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து தென்னக இரயில்வே ஆயின. அதன் பயனாகப் பொன்மலையில் இருந்தவருக்கு மைசூருக்கு மாற்றல் வரவும் வழி பிறந்தது. 1956-இல் அவ்வாணை தந்தையாருக்கு வந்தது. அசோகபுரத்தில் 1924-இல் தொடங்கப்பெற்ற பணிமனையில் அவர் சேர்ந்தார். அங்கும் அதே வேலை; மீட்டர் பாதையில் ஓடும் நீராவி எஞ்சின்களின் கொதிகலனைப் பிரித்து, குழாய் மாற்றி, மீண்டும் பூட்டுவது. எங்களுள் ஒருவர் அப்போது நான்கு வயதுச் சிறுவர். மற்றவர் 1979-இல் மணமாகி ஈரோட்டிலிருந்து இவ்வீட்டிற்கு வந்தவர். ஆயினும் அண்டாவைப் பற்றிய நினைவு இருவருக்கும் ஒன்றாகவே ஆகிவிட்டது.

மைசூரின் முதல் குளிர்காலத்தைச் சிறு தவலை ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் எங்கள் அன்னையாரைப் பாத்திரக் கடைக்கு அழைத்துச் சென்றார். அவர் ஹண்டே என்றார். இவர் அண்டா என்றார். மொழி அறியாத இருவர்க்கும் இடையே அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பெரும் செப்புக் கலம். ஆறு குடம் கொள்ளும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 80 லிட்டர். கொத்தனார் ஒருவர் வந்து குளியலறை மூலையில் செங்கல்லும் மண்ணும் கொண்டு அடுப்புக் கட்டி, கழுத்து மட்டும் வெளியே தெரியுமாறு அதைப் பதித்தார். அடுப்பின் வாய் கொல்லைப்புறம் திறக்கும். நெருப்பும் புகையும் வெளியே, வெந்நீர் உள்ளே. இந்த ஊர்க்காரர்களின் இந்த அமைப்பைத் தந்தையார் பெரிதும் மெச்சினார். எஞ்சின் கொதிகலனைக் கட்டியவனுக்கு இருந்த அறிவு இதைக் கட்டியவனுக்கும் இருந்தது என்பார். புளிய விறகு, தேங்காய் மட்டை, கொட்டாங்கச்சி, மரம் அறுக்கும் ஆலையில் மலிவாகக் கிடைத்த கழிவுத் துண்டுகள் ஆகிய எதைப் போட்டாலும் எரியும்.

கொதிகலனைப் பற்றித் தந்தையார் வீட்டில் பேசியவை மிகுதி. அவற்றுள் இரண்டு இக்கட்டுரைக்கு வேண்டும். முதலாவது, எஞ்சினின் நெருப்பறைக் கூரையில் பதிக்கும் ஈய அடைப்பு. நீர்மட்டம் தாழ்ந்து கூரை வெறுமையானால் ஈயம் உருகிவிடும், அத்துளை வழியே நீராவி பாய்ந்து நெருப்பை எச்சரிக்கும், தணிக்கும், ஓட்டுநர் விழித்துக்கொள்வார். எங்கள் அண்டாவுக்கு அத்தகைய அடைப்பு யாரும் வைக்கவில்லை. பழைய ஒட்டே அவ்வேலையைச் செய்து தன்னை மாய்த்துக்கொண்டது. இரண்டாவது, நிலையத்தில் நிற்கும் எஞ்சினின் காப்பு வால்வு திறந்து நீராவி ஓவென்று வானத்தில் போவதைச் சிறுவர்கள் கண்டு களிக்கும்போது அவர் முகம் சுளிப்பார். “கரி போகுது” என்பார். இழுப்பதற்குப் பெட்டி இல்லாத எஞ்சினுக்குப் பெரிய கொதிகலன் வீண். “பாய்லரைப் பார்த்துப் பாய்லர் போடாதே. அது என்ன இழுக்கப் போகுதுன்னு பார்த்துப் போடு” என்பது அவர் வாக்கு. 1979-இல் மைசூரில் இரயில் அருங்காட்சியகம் திறந்தபின், விடுமுறை நாட்களில் சிறுவர்களை அங்கே அழைத்துப்போய், ஓய்வுபெற்ற எஞ்சின்களின் அடியில் குனியச் செய்து இதே பாடத்தை நடத்தினார். மகாராணியாரின் அழகிய பெட்டியை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் எஞ்சினின் நெருப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். 1989-இல் அவர் மறைந்தார்.

இத்தகையவரின் வீட்டில் வாழ்ந்தும் அண்டாவுக்கு மாற்று வாங்கியபோது நாங்கள் அவர் வாக்கை மறந்தோம்.

செம்புப் பாத்திர வேலை செய்யும் முதியவர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் அடியைத் தட்டிப் பார்த்தார், விரலால் தடவினார், தகடு தேய்ந்து மெலிந்துவிட்டது என்றார். ஒட்டுப் போடலாம், பண்டிகைக்கு நான்கு நாள் தாங்கும், அன்றாட நெருப்புக்கு ஆகாது என்று தீர்ப்புக் கூறிச் சென்றார். அன்றாடத்திற்கு வேறு வழி வேண்டும். வீட்டில் அப்போது இருந்தவர்கள் மூவர். எண்பத்திரண்டு வயது அன்னையாரும் நாங்கள் இருவரும். மகள் நஞ்சன்கூட்டில் பெருங்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மகன் 2004 முதல் அமெரிக்காவில், பாஸ்டன் நகரை அடுத்த ஊரில்.

கடைக்குப் போனோம். பழையது எவ்வளவு கொள்ளும் என்று கடைக்காரர் கேட்டார். எண்பது லிட்டர் என்றோம். அப்படியானால் ஐம்பதுக்குக் குறைந்து வாங்கினால் வருந்துவீர்கள், பெரிதாக இருப்பது எப்போதும் நல்லது என்றார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. எண்பது இருந்த இடத்தில் ஐம்பது என்றால் சிக்கனமாகத்தான் நடந்துகொள்கிறோம் என்ற பெருமையும் உண்டாயிற்று. 50 லிட்டர் மின்சாரக் கீசர் ஒன்று குளியலறைச் சுவரில் ஏறியது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டவர் தவறாகக் கேட்டால் சொல்பவர் தவறாகத்தான் சொல்வார்.

முதல் வாரத்திலேயே இடர்கள் தோன்றின. அதிலுள்ள கம்பி 2,000 வாட். மார்கழியில் எங்கள் தொட்டி நீர் ஏறத்தாழ 22 பாகை இருக்கும். ஐம்பது லிட்டரை 60 பாகைக்கு ஏற்ற இரண்டு யூனிட்டுக்கு மேல் மின்சாரமும், ஒரு மணி நேரத்திற்கு மேல் பொழுதும் வேண்டும். அன்னையார் ஐந்தரை மணிக்குக் குளிப்பவர். எனவே நாலேகாலுக்கு யாரேனும் எழுந்து விசையைத் தட்டவேண்டும். மறந்தால் அவர் காத்திருக்கவேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் ஐம்பது லிட்டரும் அரைச்சூட்டில் நிற்கும். ஒரு வாளியும் குளிப்பதற்கு ஆகாது. சிறிய கலமாக இருந்திருந்தால் அதே பொழுதில் ஒருவருக்கேனும் ஆகியிருக்கும். எல்லோரும் குளித்த பிறகும் பாதிக்கு மேல் வெந்நீர் எஞ்சி, மறுநாள் காலைக்குள் தானே ஆறிப்போகும். மின்கட்டணச் சீட்டு வந்தபோது தந்தையாரின் காப்பு வால்வு எங்கள் காதில் ஓவென்று ஒலித்தது.

அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவர் சமையலறையில் சிறு தவலையில் நீரை வைத்து எரிவாயு அடுப்பில் காய்ச்சிக்கொண்டிருப்பதைக் கண்டோம். அந்தச் சூடான தவலையை அந்த வயதில் கூடம் கடந்து குளியலறைக்குத் தூக்கிச் செல்ல அவர் எண்ணியிருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் உடல் பதறுகிறது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, “எனக்கு ஒரு வாளித் தண்ணி போதும். அதுக்காக ஓர் ஏரியைக் காய வைக்கணுமா? கரண்டு காசு யாரு கொடுக்கறது?” என்றார். அதன்பின் எவ்வளவு சொல்லியும், நாங்கள் இருவரும் குளித்து முடித்த பிறகே, எஞ்சிய வெந்நீரில்தான் குளிப்பேன் என்று பிடிவாதம் செய்தார். எட்டரை மணிவரை குளியாமல், குளியாததால் காபியும் அருந்தாமல், திண்ணையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருப்பார். நாங்கள் வாங்கிய பெரிய கலம் அவரைக் கடைசி ஆளாக்கிவிட்டது. அப்போது அதை அவ்வாறு நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை; முதுமையின் பிடிவாதம் என்றே எண்ணினோம்.

இந்நிலையில், 2013 சனவரியில் மகனிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர்கள் வீட்டிலும் கொதிகலன் பழுதாகிவிட்டது! வெளியே நீர் உறையும் குளிர். வீட்டினுள் அனைவரும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஒரே அறையில் இருக்கிறார்களாம்.

அவர்கள் வீட்டு அமைப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1920-களில் கட்டிய மூன்று அடுக்கு மரவீடு அது. நிலவறையில் ஒரு கொதிகலன். அதிலிருந்து எழும் நீராவி குழாய்களின் வழியே அறைதோறும் நிற்கும் ரேடியேட்டர் என்னும் வார்ப்பிரும்புக் கூடுகளுக்குள் புகும். அங்கே குளிர்ந்து நீராகித் தன் மறை வெப்பத்தை அறைக்கு விட்டுவிட்டு, அதே குழாயின் வழியே கீழே வடிந்து கொதிகலனை அடையும். எஞ்சினைப் போல் பேரழுத்தம் இதற்கு வேண்டியதில்லை. சதுர அங்குலத்திற்கு இரண்டு பவுண்டுக்குள் அடங்கிவிடும். தந்தையார் கண்டிருந்தால் விளையாட்டுப் பொருள் என்று சிரித்திருப்பார். பிறகு முழங்காலிட்டு அமர்ந்து ஆராய்ந்திருப்பார்.

மகன் அழைத்த முதல் ஆள், பழைய கொதிகலனின் தகட்டில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே அளவில் புதியது தருகிறேன், வேண்டுமானால் ஒரு படி பெரிதாகவே போடலாம் என்றாராம். எங்கள் கடைக்காரரின் உறவினர் போலும். இரண்டாமவர் நிலவறைக்கே போகவில்லையாம். அளவு நாடாவும் குறிப்பேடும் கையில் ஏந்தி அறை அறையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு ரேடியேட்டரின் உயரமும், அதில் எத்தனை பகுதிகள் உள்ளன என்பதும் எழுதினார். ஒவ்வொன்றும் எத்தனை சதுர அடிப் பரப்புக்குச் சமம் என்பதை அட்டவணையில் பார்த்துக் கூட்டினார். ஒரு சதுர அடிக்கு மணிக்கு 240 பி.டி.யு. வெப்பம் என்பது அத்தொழிலின் வாய்ப்பாடு. மொத்தம் 310 சதுர அடி. அதாவது மணிக்கு 74,400 பி.டி.யு. அந்த 310-க்கு நெருங்கிய சதுர அடி எண்ணைப் புதிய கொதிகலனின் தகட்டில் பார்த்து வாங்கினால் போதும். குழாய்கள் சூடேறுவதற்கான மூன்றில் ஒரு பங்கு மிகுதி அந்த எண்ணிலேயே கழிக்கப்பட்டிருக்கும், மேலும் கூட்டவேண்டா என்றாராம். பழைய கலத்தின் எண் ஏறத்தாழ இதற்கு இருமடங்கு.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று எங்கள் மகன் கேட்டிருக்கிறான். தாத்தாவின் பேரன் கேட்கக்கூடாத கேள்விதான். கொதிகலன் எழுப்பும் நீராவியை ரேடியேட்டர்களால் குளிர்விக்க இயலாதபோது அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் விசை நெருப்பை அணைக்கும். தணிந்தால் மீண்டும் மூட்டும். இப்படி நாள் முழுதும் மூட்டியும் அணைத்தும் எரிபொருள் வீணாகும். கலத்தின் வாழ்நாளும் குறையும். சிறிதாக இருந்தாலோ அருகிலுள்ள அறைகள் சூடாகும். குழாயின் கோடியில் இருக்கும் அறைக்கு நீராவி போய்ச் சேரவே சேராது. ஆகவே பழைய கலத்தையும் பாராதே, வீட்டின் பரப்பையும் பாராதே, நீராவியை வாங்கிக்கொள்ளும் கூடுகளை எண்ணு. ஒன்றையும் விடாமல் எண்ணு. இது அவர் கூறிய விதி. பழையவற்றுள் பல நிலக்கரி எரித்த காலத்தவை. அதன்மேல் ஒவ்வொருவரும் எதற்கும் இருக்கட்டும் என்று கூட்டியது வேறு. 1918-இன் கொடிய விஷக்காய்ச்சலுக்குப் பின், குளிரிலும் சாளரத்தைத் திறந்துவைத்தே வீட்டைச் சூடாக்கவேண்டும் என்ற எண்ணத்தில் ரேடியேட்டர்களையே பெரிதாக வைத்த வீடுகளும் அந்நாட்டில் உண்டாம். அச்சம் கட்டிடத்திலும் படிந்துவிடுகிறது.

வீட்டில் ஒன்பது ரேடியேட்டர்கள் என்றே மகன் எண்ணியிருந்தான். அளந்தவர் பத்தாவதைக் கண்டுபிடித்தார். மூன்றாம் அடுக்கின் கோடியில் உள்ள சிறிய அறையில், புத்தக அலமாரிக்குப் பின்னால், காற்றுப் போக்கும் சிறு துளை சாயத்தால் அடைபட்டு, எத்தனையோ ஆண்டுகளாகக் குளிர்ந்தே கிடந்தது. உள்ளிருக்கும் காற்று வெளியேறினால் அன்றி நீராவி உள்ளே புகாது. “அப்பா, அது நீங்க ரெண்டு பேரும் தங்கியிருந்த ரூம்” என்றான் மகன். 2009-இல் நாங்கள் அங்கே சென்று ஒரு குளிர்காலம் தங்கினோம். இரவெல்லாம் நடுங்கினோம், அந்நாட்டுக் குளிரே அப்படித்தான் போலும் என்று எண்ணி, இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து படுத்தோம். மகனிடமோ மருமகளிடமோ ஒரு சொல் சொல்லவில்லை. “ஏன் சொல்லலை?” என்று அவன் இப்போது கேட்டபோது, எங்களுக்கு விடை தெரியவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திண்ணையைப் பார்த்தோம். அன்னையார் போர்வையுடன் அமர்ந்திருந்தார்.

அன்று மாலை காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் அருகில் அமர்ந்தோம். எங்கள் வீட்டுக் கூடுகளை எண்ணத் தொடங்கினோம். யார், எத்தனை மணிக்கு, எத்தனை வாளி. எங்கள் வாளி 18 லிட்டர். உடல் தாங்கும் சூடு 40 பாகை. 60 பாகை வெந்நீருடன் 22 பாகைத் தண்ணீரைக் கலந்தால், ஒரு வாளிக்கு எட்டரை லிட்டர் வெந்நீர் போதும். மூவர்க்கும் மூன்று வாளி; அதற்கு 25 லிட்டர் கலம் ஏறத்தாழ நேர்கணக்கு. அது சூடாக முப்பத்து மூன்று நிமிடம். செலவு ஒரு யூனிட்டும் சிறிதும். பதினைந்து லிட்டரில் இரண்டு வாளியே நிரம்பாது. அன்னையார் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் செவ்வாய், வெள்ளிகளில் அவருக்கு இரண்டு வாளி. அன்று நாங்கள் அரைமணி தாழ்ந்து, அடுத்த சூட்டில் குளித்துக்கொள்ளலாம். வெந்நீர் எடுக்க எடுக்கக் கீழிருந்து தண்ணீர் புகுந்து கலப்பதால் கடைசி வாளி சற்று இளகும் என்பதையும் குறித்துக்கொண்டோம். வேடிக்கை என்னவெனில், இக்கணக்கைப் போட எங்களுக்கு ஐந்து நிமிடமே ஆயிற்று. கடைக்குப் போகுமுன் போட்டிருக்கலாம்.

கணக்கு முடிந்த மகிழ்ச்சியில் பழைய அண்டாவின் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். எண்பது லிட்டர், அதே சூடு. ஒன்பது வாளி, மிஞ்சினால் பத்து. 1965-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீட்டிலிருந்தவர்களை ஒவ்வொருவராக எழுதினோம். சங்கு ஊதுமுன் பணிமனைக்குப் போகவேண்டிய தந்தையார் முதலில். பிறகு வேலை தேடி ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த சித்தப்பா, அடுத்து மாமா. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் அறுவர். வெயில் ஏறியபின் பாட்டியார். ஆகப் பத்து. அண்டா எவ்வளவு சரியான அளவு, அப்பா அப்போதே கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார் என்று வியந்தோம்.

“பதினோரு பேரு” என்றார் அன்னையார்.

மீண்டும் எண்ணினோம். பத்துத்தான் வந்தது. அவர் பேசாமல் இருந்தார். பிறகே எங்களுக்கு விளங்கிற்று.

“அப்ப நீங்க எதுல குளிச்சீங்க அம்மா?”

“அடியில கொஞ்சம் கிடக்கும். ஒரு குடம் பச்சைத் தண்ணி ஊத்தினா ஒரு வாளி ஆயிடும். தணல் இருந்தா சித்தே சூடு ஏறும்.”

“மார்கழியிலுமா?”

“மார்கழியில தணல் சீக்கிரம் ஆறிடும்” என்றார் அவர், விறகின் குணத்தைச் சொல்பவர் போல.

அவர் குறையாக அதைச் சொல்லவில்லை. மேலும் ஒரு சுள்ளி வைத்து எரித்திருக்கலாமே என்று நாங்கள் கேட்டதற்கு, விறகு யார் வாங்கித் தருவது, அதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும் என்றார். எங்களுள் ஒருவர் அந்த வீட்டில் அந்த அறுவருள் ஒருவராக, நாள்தோறும் ஒரு வாளி வெந்நீரை ஊற்றிக்கொண்டு வளர்ந்தவர். மற்றவர் 1979-இல் மருமகளாக வந்தபின் அந்தக் கடைசி இடம் யாருக்குப் போயிற்று என்பதையும் அன்று நினைத்துப் பார்த்தோம். யாரும் ஆணையிட்டு அது போகவில்லை. ஈரோட்டிலிருந்து வந்தவர்க்கு அது கேட்காமலே தெரிந்திருந்தது.

மறுவாரம் 50 லிட்டர் கீசர் கழற்றப்பட்டு நஞ்சன்கூட்டுக்குப் பயணமாயிற்று. அங்கே மகளின் வீட்டில் எட்டுப் பேர்; அங்கு அது மிகையன்று. எங்கள் சுவரில் 25 லிட்டர் ஏறியது. சூரிய வெப்பத்தால் நீர் காய்ச்சும் கருவி இந்நகரில் மாடிதோறும் காணப்படுகிறதே, அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர் உண்டு. நாள் ஒன்றுக்கு 100 லிட்டருக்கு இரண்டு சதுர மீட்டர்த் தகடு என்பது அதன் பொதுக் கணக்கு. தெற்கு நோக்கிய, நிழல் விழாத இடம் வேண்டும். எங்களுடையது ஓட்டுக் கூரை; அதன் தென்புறம் அன்னையார் வைத்த இரண்டு தென்னைகள். அவற்றை வெட்டச் சொல்லும் துணிவு எங்கள் குடும்பத்தில் எவர்க்கும் இல்லை. வாய்ப்புள்ளவர்கள் அதையே வாங்கலாம். ஆடியில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களுக்கு மட்டும் மாற்று வழி வைத்துக்கொண்டால் போதும். எதை வாங்கினாலும், அதிலுள்ள சிறிய காப்பு வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையளவு கருவிதான். தந்தையாரின் எஞ்சின்களிலும் அதுவே காவல்.

அளவு சரியானபின் வரிசையை மாற்றுவதே கடினமாயிற்று. முதல் வாளி தமக்கு என்பதை அன்னையார் ஏற்கவில்லை. மீதி இருக்காது, கலம் சிறிது, முதலில் குளிக்காவிட்டால் வெந்நீரே கிடைக்காது என்று நாங்கள் சொன்னோம். அது முழு உண்மையன்று. அவர் அதை நம்பவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆயினும் அதன்பின் ஐந்தரை மணிக்கு அவர் குளித்து, ஆறு மணிக்குக் காபி அருந்தினார்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்கு மகளும் அவள் குடும்பத்தாரும் வந்தனர். கன்னட மக்கள் தீபாவளிக்கு முந்திய மாலையை நீரு தும்புவ ஹப்ப என்பர். நீர் நிரப்பும் திருநாள். அண்டாவைத் துலக்கிக் கொடியும் பூவும் சுற்றி, புதுநீர் நிரப்பிப் பூசை செய்வார்கள். பக்கத்து வீட்டு அம்மையார் மறைந்துவிட்டார்; அவர் மருமகள் வந்து எங்கள் அண்டாவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். பாத்திரக்காரரின் ஒட்டுத் தாங்கியது. விடியற்காலை மூன்றரைக்கு நெருப்பு மூண்டது. எண்ணெய் தேய்த்த தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே சென்று வந்தன. அன்னையாரை முதலிலேயே அனுப்பிவிட்டோம். புதுப்புடவை உடுத்திக்கொண்டு வந்த அவர், அண்டாவின் பக்கத்திலேயே முக்காலியில் அமர்ந்து, ஒவ்வொருவர் குளித்து வந்ததும் விரல் முட்டியால் அதன் கழுத்தைத் தட்டி ஒலியைக் கேட்டு, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் குளித்த பேத்தி வெளியே வந்தபோது, “எல்லாருக்கும் ஆச்சா? யாரும் விட்டுப்போகலையே?” என்று கேட்டார். ஆயிற்று என்றோம். அப்படியும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

2018-இல் அன்னையார் மறைந்தார்.

எங்கள் தெருவில் காவிரி நீரோடு ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் கலந்து விடுவார்கள். அந்த உப்புப் படிந்து, 2021-இல் 25 லிட்டர் கலம் கசியத் தொடங்கியது. மீண்டும் கடைக்குப் போனோம். இம்முறை கணக்கைக் காகிதத்தில் எழுதி எடுத்துச் சென்றிருந்தோம். இருவர், காலையில் ஒருவர், இரவில் ஒருவர், ஒரு வேளைக்கு ஒரு வாளி. பதினைந்து லிட்டர் போதும், பத்துக்கூடப் போதும். கடையிலிருந்த இளைஞர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, கணக்குச் சரி, பதினைந்தே எடுத்துக்கொள்ளுங்கள், மின்சாரம் மிச்சம் என்றார். நல்ல பிள்ளை.

இருபத்தைந்தையே வாங்கி வந்தோம்.